குழந்தை அழுததற்கு மன்னிப்புக் கேட்காதவர்

என் சகலை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டால்கூட மிதிபட்டவரைப் பார்த்து, "வழியில கால நீட்டினா இன்னா பண்றது?" என்பார். நான் அதற்கு நேர் எதிர். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். 'சாரி' என்ற சொல் எந்நேரமும் என் நாக்கின் நுனியில் இருக்கும். இடித்துக்கொண்டால் கதவிடமும் சாரி சொல்கிற மனிதன் என்று என் மனைவி இருந்தவரை கேலி செய்வாள்.

அவளுடைய தங்கையைக் கட்டியவர் அவர். ஜீவனஹள்ளியில் வீடு. நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி நான் மூத்த சகலை. வயதில் அவர் மூத்தவர். இந்தச் சிக்கலை அவர் தன் வழியில் தீர்த்துக்கொண்டார். என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டு 'நீ' போட்டுப் பேசினார். நான் அவரை 'சகலை' என்று கூப்பிட்டு 'நீங்க' போட்டேன். காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புத்தக அலமாரியைப் பார்த்து, "இதையெல்லாம் படிச்சும் நீ இப்படித்தானே இருக்கற" என்று சிரிப்பார்.

எங்கள் உறவில் கைக்குழந்தையோடு யார் வெளியூர் கிளம்பினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். ரயிலோ, பஸ்ஸோ, டாக்ஸியோ, குழந்தையைத் தூங்க வைக்க அவர் வேண்டும். டிக்கெட்டை எடுத்துவிட்டுச் சொன்னால் கோபித்துக்கொள்வார். எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்து சீட் போட வேண்டுமாம்.

கிளம்புகிற அன்று அவர் சட்டைப்பையில் பேனா, கண்ணாடி, பஸ் பாஸ் ஒன்றும் இருக்காது. குழந்தையின் கன்னம் படுகிற இடம் அது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுவார். முகச்சவரம் செய்துகொள்வார், ஆனால் வாசனையாக எதையும் பூசமாட்டார். பிறகு குழந்தையின் வீட்டுக்குப் போய், அழுக்குத் துணி வாளிக்குள் கையை விட்டு, அது முந்தின நாள் படுத்திருந்த துணியை எடுத்து மடித்துப் பைக்குள் வைப்பார்.

"ஐயோ சித்தப்பா, அது துவைக்காதது" என்று தாய்மார்கள் பதறுவார்கள்.

"துவைச்சா அது சோப்புக் கம்பெனி வாசனை அடிக்கும். உன் வீட்டு வாசனை அடிக்காது. குழந்தைக்குப் போற ஊர் தெரியுமா? மூக்குக்கு வீடு தெரிஞ்சா போதும்."

சரிகை வைத்த புது உடுப்பு, தலையைச் சுற்றி லேஸ் பட்டை என்று குழந்தையை அலங்கரித்துக் கொண்டுவந்தால் அங்கேயே கழற்றச் சொல்வார். "ரயிலுக்கா கல்யாணம்? பழைய பனியனப் போடு."

அவர் தாலாட்டுப் பாடி நான் கேட்டதில்லை. அவருக்குப் பாட்டு வராது. குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகில் தட்டியபடி, ஒரே சுருதியில் பஸ் ஸ்டாப்புகளைச் சொல்லுவார். "சிவாஜிநகர்... சிவாஜிநகர்... கோல்ஸ் பார்க் யாரு, கோல்ஸ் பார்க்... ரைட்... பிரேசர் டவுன்... ரைட்... காக்ஸ் டவுன் இறங்கு, காக்ஸ் டவுன்... ரைட்... ஜீவனஹள்ளி..." அந்த 'ரைட்' மட்டும் மூச்சோடு மூச்சாக வரும். ரயில் நிற்கப் போவதை எப்படியோ முன்கூட்டியே உணர்ந்து, குழந்தையின் காதில் மெல்ல, "ஹோல்டான்" என்பார்.

"வண்டி ஓடறதுல குழந்தை முழிக்காது வாத்தியாரே. நிக்கறதுலதான் முழிக்கும். நிக்கப் போகுதுன்னு அதுங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா பயப்படாது."

இது சரியான கோட்பாடா என்று எனக்குத் தெரியாது. பல தடவை பலிக்காமலும் போயிருக்கிறது. அவருடைய அண்ணன் பேத்தி ஒருமுறை மைசூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தது. சிவாஜிநகரிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வாயாலேயே எத்தனையோ நடை போய்வந்தும் அது அடங்கவில்லை. நானும் அந்தப் பயணத்தில் இருந்தேன். எதிர்சீட்டில் இருந்தவர் செய்தித்தாளைப் பலமாக மடித்தார். நான் உடனே அவரைப் பார்த்து, "சாரி சார், குழந்தைக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தேன்.

சகலை என் முழங்கையைப் பிடித்தார். "எதுக்கு சாரி? குழந்தை என்ன திருடிச்சா?"

எதிர்சீட்டுக்காரர் விடவில்லை. "கதவுப் பக்கம் கொஞ்சம் எடுத்துட்டுப் போகலாமே."

"ஏன், அதுக்கு டிக்கெட் இல்லன்னு அங்க நிக்கணுமா? அது அழும் சார். அதுக்குத் தெரிஞ்ச பாஷை அது ஒண்ணுதான். உங்களுக்குத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் தெரியும்போல. மூணுலயும் நல்ல வார்த்தை ஒண்ணு வரலயே!"

பெட்டியே சிரித்துவிட்டது. அந்த மனிதர்கூடக் கடைசியில் பையைத் திறந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்து நீட்டினார். தன் பேரனுக்காக வாங்கிப் போவதாம். குழந்தை அதற்கும் அடங்கவில்லை. சகலை அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மைசூரில் இறங்கியதும் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "நல்லா அழுத கண்ணு. தொண்டை சுத்தமாயிடுச்சு" என்றார்.

வேலையில் இருந்த காலத்திலும் இப்படித்தானாம். பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை அப்போதுதான் கண் அசந்தது என்றால் டிரைவருக்குக் கன்னடத்தில் கட்டளை பறக்கும்: "ஹாரன் பேட குரு, மகு மலகிதே." ஹாரன் அடிக்காதே, குழந்தை தூங்குகிறது. தூங்குகிற குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு இடம் கொடுக்காதவரின் பக்கத்தில் போய் நின்று, அவர் எழுந்திருக்கும்வரை டிக்கெட் கிழிக்காமல் காத்திருப்பார். இதற்காக மேலிடத்தில் புகார் போனதும் உண்டு. விசாரணையில், "தூங்கற குழந்தைய எழுப்பணும்னு ரூல் இருந்தா காட்டுங்க" என்று கேட்டதாகப் பெருமையாகச் சொல்வார். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். கூட்டிச் சொல்வது அவர் வழக்கம்.

சாயங்காலத்தில் கொஞ்சம் குடிப்பார். அதையும் மறைத்ததில்லை. இளம் தாய்மார்களைப் பயமுறுத்துவதற்காகவே ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். "அழுதா கவலைப்படாத. நம்ம பிராந்தில ஒரு சொட்டு நாக்குல வச்சா குழந்தை என்ன, இன்ஜினே தூங்கிடும்." அவர்கள் "சீ சித்தப்பா!" என்று அலறுவார்கள். அவர் குடித்த நாளில் எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அல்லது, எல்லோருக்கும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று என் மகன் சொன்னான். குடும்பத்து விஷயம், முடிந்துபோனது என்றான். எழுதத்தான் போகிறேன். முடிந்துபோனது என்று சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை.

என் முதல் பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது, மருமகளின் தம்பி கல்யாணத்துக்காக எல்லோரும் சென்னைக்குக் கிளம்பினோம். பகல் ரயில், ஏசி பெட்டி. மகன் ரயிலில் இருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் பேச வேண்டியிருந்தது. முந்தின பயணத்தில் குழந்தை அழுது, பெட்டியில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அந்தப் படித்த முகங்களின் முன்னால் நான் கூசிப் போனேன். கிளம்புவதற்குச் சற்றுமுன் மகன் அலுப்போடு, "இன்னிக்கு மட்டும் இவன் அழாம வந்தா போதும்பா" என்றான்.

என் அலமாரியில் எனக்குச் சளிக்கு வாங்கிய சிரப் ஒன்று இருந்தது. குடித்தால் தூக்கம் வரும். அதை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தேன். எங்கள் காலத்தில் சிலர் இப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாட்டிலின் மேல் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படிக்கத் தெரியாமல் செய்த தப்பு இல்லை. படித்த பிறகுதான் கொடுத்தேன். பிறகு வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறினேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் சகலை குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி புறப்பட்டு பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது.

"சின்ன மாமா கை பட்டாலே போதும்" என்றாள் மருமகள்.

அவருக்கு ஒரே பெருமை. "பாத்தியா வாத்தியாரே? கோல்ஸ் பார்க்குகூட வரல. சிவாஜிநகர்லயே அவுட்!"

நானும் சிரித்தேன். மகன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் பேச ஆரம்பித்தான். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. சகலை வழக்கம்போல "ஹோல்டான்" என்றார். வண்டி மறுபடி கிளம்பியது. அவர் 'ரைட்' சொல்லவில்லை. குழந்தையின் கையைத் தூக்கி விட்டார். அது அப்படியே விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினார். கன்னத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். அந்த சிரப்புக்கு ஒரு தித்திப்பான ஆரஞ்சு வாசனை உண்டு.

என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டார்: "இது தூக்கமில்ல. இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல."

"வாத்தியாரே, மூச்சு மெதுவா வருது. இன்னா குடுத்த, சொல்லு."

"நான் ஒண்ணும் குடுக்கல சகலை."

அவர் அதற்குமேல் என்னிடம் நேரத்தை வீணாக்கவில்லை. எழுந்து நின்றார். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் எட்டுகிற அந்தப் பழைய குரல் வெளியே வந்தது. "டாக்டர் யாருனா இருக்கீங்களா? டாக்டர்! டிடிஆர கூப்பிடுங்க!"

மகன் திடுக்கிட்டுக் காதிலிருந்து கருவியைப் பிடுங்கினான். முன்வரிசையில் ஒரு பையன் திரும்பி, "அங்கிள், கொஞ்சம் மெதுவா" என்றான்.

"மெதுவா பேசறதுக்கு இங்க வாத்தியார் இருக்கான், என் பக்கத்து சீட்ல. அவன்கிட்ட கேளு. நீ எந்திரிச்சு டிடிஆர கூட்டியா!"

பையன் எழுந்து ஓடினான். பெட்டியில் டாக்டர் யாரும் இல்லை. அடுத்து வண்டி நிற்பது ஜோலார்பேட்டையில்தான் என்றார் டிடிஆர். அது வரும்வரை சகலை குழந்தையை நிமிர்த்திப் பிடித்தபடி நடைவழியிலேயே நின்றார். மருமகளை அழவிடவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடு. உன் குரல் கேக்கட்டும். நிறுத்தாத, கூப்பிட்டுக்கினே இரு." ஸ்டேஷனில் இறங்கி ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் நின்றிருந்தவர் சகலைதான். முதல் ஆட்டோவை மறித்து, அதில் இருந்தவர்களை இறக்கி விட்டவரும் அவர்தான்.

டாக்டர் குழந்தையை உள்ளறைக்கு எடுத்துப் போனபோது நான் பின்னாலேயே நுழைந்தேன். ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில், கொடுத்ததைச் சொன்னேன். மருந்தின் பெயரையும் அளவையும் மறைக்கவில்லை. அந்த ஒன்றையாவது செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். பிறகு வெளியே வந்து, "யாரோ தூக்க மருந்து கலந்த சிரப் குடுத்திருக்காங்க. இன்னிக்கு முழுக்க இங்கயே இருக்கணும். பிழைச்சுக்குவான்" என்றார். என் நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்துத்தான் அவர் 'யாரோ' என்றிருக்க வேண்டும். மீதியை நானே சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

மகன் மெதுவாகத் திரும்பினான். என் பக்கம் அல்ல.

"சித்தப்பா... நீங்க அந்த பிராந்தி, மருந்துன்னு விளையாட்டா ஏதாவது..."

சகலை என்னைப் பார்த்தார். அவசரப்படாமல், ஸ்டாப்பில் ஓடிவருகிற ஒருவருக்காக வண்டியை நிறுத்தி வைப்பதைப் போல, காத்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"நான் யாருக்கும் பதில் சொல்றவன் இல்ல" என்றார் அவர். சட்டையில் குழந்தையின் எச்சில் ஈரம் காயாமல் இருந்தது. வெளியே போய், ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் நின்றார். நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் மட்டும் அன்றே பஸ் பிடித்து ஊர் திரும்பினார்.

பேரன் பிழைத்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சகலையின் கைக்கு மட்டும் அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தையும் போகவில்லை. யாரும் 'கொடுக்காதே' என்று சொன்னதில்லை. போன் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். அடுத்த பிறந்தநாள் விழாவில் அவர் கையை நீட்டியபோது, "இப்பதான் எழுந்தான் சின்ன மாமா, கொஞ்சம் சிணுங்கறான்" என்று மருமகள் குழந்தையை வேறு பக்கம் மாற்றிக்கொண்டாள். மற்றப் பெண்களும் அப்படியே. நான் அந்த அறையில்தான் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருவராக இருந்தால் வருவதை நிறுத்தியிருப்பார். அவர் ஒரு விசேஷத்தைக்கூட விடவில்லை. சட்டைப்பையைக் காலியாக வைத்துக்கொண்டு வருவார். நடுக்கூடத்தில் உட்காருவார். எங்காவது ஒரு குழந்தை அழுதால், "யார் வீட்டு வண்டி அது? நல்லா ஹாரன் அடிக்குது!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். கையை மட்டும் மறுபடி நீட்டியதில்லை.

ஒரு குளிர்காலத்தில் ஜீவனஹள்ளிக்குப் போனேன். அவர் மனைவி கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டைகளை விரலால் பிதுக்கிக்கொண்டிருந்தார். பருப்பு ஒரு பாத்திரத்தில், தோல் ஒரு பாத்திரத்தில். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "இத ஏன் என்கிட்ட சொல்ற?"

"உங்களுக்குத்தானே சகலை நான்..."

"எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா தைரியம் வேணும்? தெரியாதவங்க ரெண்டு பேர் உன் வீட்லயே இருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

"சொல்லணும். சமயம் பாத்து..."

"எல்லா ஸ்டாப்லயும் இறங்கறேன் இறங்கறேன்னு படியிலயே நிக்கறவன் ஒருத்தன் தினம் வருவான் வாத்தியாரே. இறங்கவும் மாட்டான், உள்ள போகவும் மாட்டான். மத்தவங்களுக்கு இடைஞ்சல்." ஒரு பருப்பு விரலிலிருந்து துள்ளி என் காலடியில் விழுந்தது. "பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கப் போறா. சாப்ட்டுப் போறியா, இல்ல அதுக்கும் ஒரு சாரியா?"

சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

போன வருடம் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று சண்டை போட்டதாகச் சொன்னார்கள். அடக்கம் முடிந்து மாலையில் ஒரு டாக்ஸியில் திரும்பினோம். மகன் முன்சீட்டில். பின்னால் நானும், மருமகளும், அவளுடைய இரண்டாவது குழந்தையும். பெண். பால்மணம் மாறவில்லை. பேரன் பக்கத்து வீட்டில் இருந்தான்.

சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. குழந்தை வீறிட ஆரம்பித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். மகன், "சாரி பாஸ், குழந்தை..." என்றான். அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். மருமகள் களைத்துப்போய்க் குழந்தையை என் மடிக்கு மாற்றினாள்.

நான் பேனாவை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். குழந்தையைத் தோளில் சாய்த்தேன். "சிவாஜிநகர்... சிவாஜிநகர்... கோல்ஸ் பார்க் யாரு... ரைட்... பிரேசர் டவுன்..." என் குரல் அதற்கு ஏற்றது அல்ல. ஆனாலும் என் வாயில் காக்ஸ் டவுன் தாண்டி ஜீவனஹள்ளி வருவதற்குள் குழந்தையின் மூச்சு சீராகிவிட்டது. நல்ல தூக்கம். விரலை வைத்தால் பற்றிக்கொண்டது.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்ன மாமா மாதிரியே சொல்றீங்க மாமா. எவ்வளவு பிரியமான மனுஷர். அன்னிக்கு மட்டும் ஏன் அப்படிப் பண்ணார்னுதான் எனக்குப் புரியல."

"அவர் பண்ணல" என்றேன். "நான் குடுத்தேன். என் சளி மருந்து. அவர் கண்டுபிடிச்சதாலதான் பையன் பிழைச்சான். அவர்மேல பழி விழுந்தப்ப நான் பேசாம நின்னேன்."

மகன் திரும்பவில்லை. அவன் பிடரி அசையாமல் இருந்ததை மட்டும் பார்த்தேன். மருமகள் இரண்டு கைகளையும் நீட்டி, என் தோளிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவசரமில்லாமல், கெட்டியாக எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

குழந்தை விழித்து, முன்னைவிடப் பலமாக அழுதது. டிரைவர் மறுபடி கண்ணாடியில் பார்த்தார்.

"சாரி பாஸ்" என்றான் மகன், எங்கோ இருந்து பேசுவதைப் போல.

"எதுக்கு சாரி?" என்றாள் மருமகள். அவள் குரல் உரக்க இருந்தது. "குழந்தை என்ன திருடிச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் நாக்கின் நுனியில்தான் இருந்தது. விழுங்கிவிட்டேன். வீடு வரும்வரை குழந்தை அழுதுகொண்டே வந்தது. அழட்டும்.